பின்சில்லு பாரமாய் இழுக்கிறதா?



பனங்காட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் அக்கரைப்பற்றுக்குப் பிரத்தியேக வகுப்புக்குச் சைக்கிளில் போய்வருகிறாள். காலையில் புறப்படும்போது சுகமாக ஓடும் வண்டி பாதி வழியில் பாரமாகிவிடுகிறதாம். வகுப்புக்குப் போய்ச் சேரும்போது பிள்ளையின் சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது, கால் கடுக்கிறது, பாடத்தில் மனம் போவதில்லை. “பழைய சைக்கிள் என்றால் பாரமாகத்தான் இழுக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புதுசு வாங்க இப்போது வசதியில்லை. வேறு வழி இருந்தால் எழுதுங்கள்” என்று முடித்திருந்தார். இந்த இதழின் பக்கத்தை அந்தத் தாய்க்கும், அதே பாரத்தைச் சொல்லாமல் சுமக்கிற மற்ற எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். பழசானதால் மட்டும் எந்தச் சைக்கிளும் பாரமாவதில்லை. நாற்பது வருடம் ஓடிய றலி வண்டிகள் இன்றைக்கும் கோளாவில் பக்கத்து வயல் வரம்பில் பஞ்சாகப் போகின்றன. வாங்கி ஆறு மாதமான வண்டிகள் நெஞ்சு இளைக்க வைக்கின்றன. சில்லின் நடுவே சரியாகப் பூட்டிய ஒரு ஹப்பின் உராய்வு உழக்குகிறவரின் காலுக்குத் தெரியவே தெரியாது. நம் உழைப்பில் பெரும் பங்கைத் தின்பவை காற்றும் ரயரும்தான், ஹப்புக்குப் போவது மிகச் சொற்பம். ஆகவே பின்சில்லு பிடித்து இழுக்கிறது என்று கால் சொன்னால், அங்கே ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது அல்லது உரசிக்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் திருத்தவும் முடியும்.

நம் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல்முனையில் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என்று திருக்கோவில் வரை நிலம் ஒரே மட்டம். மலை நாட்டில் போல ஏற்றத்தின் மேல் பழி போட முடியாது. காற்று மட்டும்தான் நம்மை ஏமாற்றும். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கே சாகாமப் பக்கம் உழக்குகிறவருக்கும், வாடைக் காலத்தில் வடக்கே போகிறவருக்கும் எந்த வண்டியும் பாரமாகத்தான் இருக்கும். எனவே காற்றில்லாத விடியற்காலையில், தார் றோட்டில், பழகிய வண்டியை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் குற்றம் வண்டியில்தான்.

இது சின்ன விசயம் என்று யாராவது நினைத்தால், 2022ஐ நினைவுபடுத்திக்கொள்ளட்டும். அந்த ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது. அப்போது ஆசிரியைகளும், கச்சேரி உத்தியோகத்தர்களும், வைத்தியசாலைத் தாதிகளும் வீட்டு மூலையில் கிடந்த சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக் காலத்தில் ஒரு குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. 2022 நெருக்கடி போனதும் பலர் மீண்டும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். மாற முடியாதவர்கள் மாணவர்கள், வயல் கூலிக்குப் போகிறவர்கள், மீன் வியாபாரிகள், தையலுக்கும் கடைக்கும் போகும் பெண்கள். இவர்களுடைய கால் வலிக்குக் கணக்கு வைக்க யாருமில்லை.

சரி, வண்டியைப் பின் ஸ்ராண்டில் நிறுத்துங்கள். எந்த நட்டிலும் கை வைக்க வேண்டாம். பின்சில்லைக் கையால் முன்னோக்கி வேகமாகச் சுற்றிவிட்டு, காதைக் கொடுங்கள், கண்ணையும் கொடுங்கள். சில்லின் ஒரே இடம் வரும்போது மட்டும் ‘சர்’ரென்று கேட்டால் ரிம் நெளிந்து பிறேக் கட்டையில் உரசுகிறது. விடாமல் உரசும் சத்தம் வந்தால் சில்லு கோணலாக நிற்கிறது. செயின் தொய்ந்ததென்று பின்நட்டைத் தளர்த்திச் சில்லைப் பின்னால் இழுத்துப் பூட்டும்போது, ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் போய்விடும். ரயர் சட்டத்தில் முட்டுகிறதா, மட்காட் கம்பி வளைந்து ரயரைத் தொடுகிறதா என்று பாருங்கள். பாரமென்று கடைக்கு வரும் வண்டிகளில் நல்லதொரு பகுதிக்கு ஹப்பைத் திறக்கவே தேவையில்லை, கோணலை நிமிர்த்தினால் போதும். ரயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டு விரலால் அழுத்தினால் அமுங்குகிற பின்ரயரை வைத்துக்கொண்டு ஹப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்கள் பலவற்றில் பின்பிறேக், ஹப்பின் இடப் பக்கத்தில் ஒரு வட்டச் சட்டிக்குள் இருக்கும். அதைச் சுற்றி இறுக்கும் பட்டி, பிறேக் பிடியை விட்டதும் தளர வேண்டும். நம் கரையோரத்தில் கடல் காற்றின் உப்பு பிறேக் கம்பிக்குள் இறங்கித் துருப்பிடிக்க வைத்துவிடுகிறது. பிடியை விட்டாலும் கம்பி திரும்புவதில்லை, பட்டி இறுகியபடியே கிடக்கிறது. அப்படியொரு வண்டி ஓட்டும் பிள்ளை வகுப்பு முடிய வீடு வரும்வரை பிறேக்கைப் பிடித்தபடியேதான் உழக்குகிறாள் என்று அர்த்தம். ஒரு கிலோமீற்றர் ஓட்டிவிட்டு அந்தச் சட்டிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். கம்பியைக் கழற்றி எண்ணெய் விட வேண்டும், வராவிட்டால் புதுக் கம்பி போட வேண்டும். சட்டிக்குள் மட்டும் எண்ணெய் போகக் கூடாது. போனால் பாரம் தீரும், பிறேக்கும் போய்விடும்.

அடுத்தது, செயின் ஓடும் பின் பல்சக்கரமான பிறீவீல். சில்லை முன்னோக்கிச் சுற்றும்போது பெடல் அசையாமல் நிற்க வேண்டும். பெடலும் கூடவே சுற்றினால், அல்லது செயினின் மேல் பகுதி தொய்ந்து தொங்கினால், பிறீவீல் உள்ளே இறுகியிருக்கிறது. உழக்காமல் விடும்போதும் வண்டி தானாக ஓடாமல் அடங்குவது இதனால்தான். பிறீவீலுக்குள் இரண்டு நாக்குகளும், அவற்றை நிமிர்த்தும் மெல்லிய கம்பிச் சுருள்களும், கடுகு கடுகாய்க் குண்டுகளும் இருக்கின்றன. வீட்டில் திறக்காதீர்கள். அதன் மூடி வழமைக்கு மாறாக வலப் பக்கம் திருப்பினால்தான் கழலும், கழன்றால் குண்டுகள் முற்றமெங்கும் சிதறும். சில்லைக் கழற்றிச் சரித்து வைத்து, பிறீவீலின் இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றி அழுக்கை வடிய விடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில் சில துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் அப்போதுதான் ஹப். செயினைப் பல்லிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது சில்லை மெல்லச் சுற்றிவிட்டு, அது தானாக நிற்கும் விதத்தைப் பாருங்கள். நல்ல ஹப் என்றால் சில்லு கடைசியில் முன்னும் பின்னும் ஆடி, பாரம் கூடிய பக்கம் கீழே வந்து ஓயும். பெரும்பாலும் காற்றடிக்கும் வால்வு இருக்கும் பக்கம்தான் அது. ரிம்மில் ஒளி காட்டும் தகடு பூட்டியிருந்தால் அந்தப் பக்கம் வரலாம். ஒரு வால்வின் சின்னஞ்சிறு எடையே அந்தச் சில்லைத் திருப்பப் போதுமானது என்றால், உள்ளே குண்டுகள் எவ்வளவு சுதந்திரமாக உருளுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆடாமல், வந்த இடத்தில் அப்படியே செத்து நின்றால் ஹப் இறுகியிருக்கிறது.

பனங்காட்டுப் பிள்ளையின் கதைக்கு இப்போது வருகிறேன். வீட்டில் சுகமாக இருந்த வண்டி பாதி வழியில் இறுகுகிறது என்பதுதான் அந்தக் கடிதத்தின் முக்கியமான வரி. அக்கரைப்பற்றில் நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்துகிற ஒரு காக்காவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிக்குமுன்பே கேட்டார்:

“அந்தப் புள்ள வண்டியப் பின்னுக்கு உருட்டினா லேசாகுதா எண்டு கேளுங்க.”

கேட்டோம். ஆமாம் என்றார் தாய். வீட்டுக்குள் எடுக்கும்போது வண்டியைப் பின்னால் உருட்டித்தான் எடுப்பார்களாம். மறுநாள் காலை அது லேசாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

“அப்ப வலப்பக்கக் கோனுக்கு லொக்நட்டு புடிக்கல்ல. கோன் அச்சில தானா ஓடுது” என்றார் காக்கா.

அவர் சொன்னதை விளக்கினால் இப்படி. ஹப்பின் நடுவே ஓடும் அச்சு சுற்றுவதில்லை, சட்டத்தில் பூட்டியபடி நிற்கிறது. சுற்றுவது ஹப். இரண்டுக்கும் இடையில் குண்டுகள். குண்டுகளை உள்ளிருந்து தாங்குவது அச்சில் மரை போட்டு ஏற்றிய கூம்பு, அதுதான் கோன். கோனை உள்ளே திருகினால் குண்டுகள் இறுகும், வெளியே திருகினால் ஆட்டம் விழும். சரியான இடத்தில் கோனை நிறுத்தி, அதன் முதுகில் லொக்நட்டை இறுக்கினால் அது அசையாது. லொக்நட்டு தளர்ந்திருந்தால் உருளும் குண்டுகள் கோனைத் தம்மோடு மெல்ல இழுத்துச் செல்லும். வலப் பக்கத்தில் நின்று பார்த்தால் முன்னோக்கி ஓடும் சில்லு கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. மரை இறுகுவதும் அதே திசைதான். ஆகவே உழக்க உழக்க வலக் கோன் உள்ளே போகிறது, போகப் போக இறுகுகிறது, இறுக இறுக இன்னும் வேகமாக இழுபடுகிறது. பின்னால் உருட்டினால் அதே கோன் திரும்பி வந்து தளர்கிறது. இடப் பக்கக் கோன் தளர்ந்திருந்தால் எதிர்மாறாக நடக்கும், ஓட ஓடச் சில்லு ஆட்டம் காணும்.

அந்தச் சைக்கிளை அதற்கு முன் ஓரிடத்தில் காட்டியிருக்கிறார்கள். கிறீஸ் வைத்து, கோனைத் தளர்த்திக் கொடுத்தார்களாம். இரண்டு நாள் நன்றாக இருந்ததாம். தளர்த்தினால் போதாது, தளர்த்திய இடத்தில் அது நிற்க வேண்டும். அதற்குக் கோனைப் பிடிக்க ஒரு தட்டைச் சாவி வேண்டும், சாதாரண சாவியின் தடிப்பு அந்த இடுக்கில் போகாது. ஒரு கையில் தட்டைச் சாவியால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் லொக்நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது மரையின் இடைவெளி அடைபட்டுக் கோன் ஒரு பொட்டு உள்ளே தள்ளப்படும். ஆகையால் முதலில் மயிரிழை ஆட்டம் விட்டு இறுக்கி, பிறகு சோதிக்க வேண்டும். காக்கா ஒரு சில்லில் செய்து காட்டினார். இறுக்கினார், அச்சை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார், தலையை அசைத்தார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். கண் ஹப்பில் இல்லை, எதிரே றோட்டில் இருந்தது. விரல் நுனியில்தான் முழுக் கவனமும். மீற்றரும் அளவுகோலும் இல்லாத இந்தக் கணக்கைக் கற்றவர்கள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை. அவர்களிடம் போய்ப் பக்கத்தில் நின்று பழக ஒரு பையனாவது, ஒரு பெண்ணாவது வேண்டும்.

சில்லைக் கழற்றிக் கையில் வைத்து அச்சைத் திருப்பினால் இன்னும் பல தெரியும். கரகரவென்றால் உள்ளே மணல் அல்லது துரு. ஒரு சுற்றில் ஓரிடம் இறுகி ஓரிடம் தளர்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது. கரியரில் நெல் மூட்டையும் காஸ் சிலிண்டரும் ஏற்றுகிற வண்டிகளுக்கு இது வரும். பிறீவீல் பக்கம் குண்டு வரிசை உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நுனி தாங்கலில்லாமல் நீண்டு நிற்கிறது. வளைவதும் முறிவதும் அந்தப் பக்கம்தான். வளைந்த அச்சை அடித்து நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். கையில் நன்றாகச் சுற்றுகிற சில்லு, சட்டத்தில் பூட்டி நட்டை இறுக்கியதும் இறுகுகிறதென்றால், சட்டத்தின் இரு கால்களும் நேராக இல்லை, அல்லது மேலே சொன்ன லொக்நட்டுக் கதைதான்.

மீன் வியாபாரிகளின் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கரியரில் மீன் பெட்டி. ஐஸ் உருகி உப்பும் மீன்நீருமாக ஒழுகுவது நேரே பின் ஹப்பின் மேல்தான். பெட்டிக்கு அடியில் ஒரு தகரமோ தடித்த பொலித்தீனோ விரித்து ஒழுக்கை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டாலே அந்த ஹப் நெடுநாள் பிழைக்கும். 2024 நவம்பர் கடைசியில் நம் கரையோரம் முழுக்க வெள்ளம் நின்றதே, அப்போது ஹப் வரை தண்ணீரில் நின்ற சைக்கிள்களில் எத்தனையை நாம் திறந்து பார்த்தோம்? வெளியே காய்ந்துவிடும். உள்ளே போன சேற்று நீர் கிறீஸைக் கெடுத்துவிட்டு, குண்டுகளைத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டு இருந்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டியை இன்னும் திறக்காதவர்கள் இனியும் தாமதிக்காமல் திறந்துவிடுங்கள்.

திறந்தால், பழைய கிறீஸை முழுக்க மண்ணெண்ணெயில் கழுவிக் காய விடுங்கள். கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் ஒரே மினுக்கமாக இருந்தால் நல்லது. சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தால் எந்தக் கிறீஸும் அதைக் காப்பாற்றாது, கோனை மாற்ற வேண்டும். வழமையான பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 குண்டு, கால் அங்குலம். முன்னால் சிறியது, 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10. இடம் இருக்கிறதே என்று இன்னொன்றைத் திணித்தால் குண்டுகள் ஒன்றோடொன்று நெரிந்து சில்லு இறுகும். பழைய குண்டோடு புதியதைக் கலக்காதீர்கள், தேய்ந்த குண்டுகளுக்கிடையில் புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் சுமக்கும். தகட்டுக் கூட்டில் கோத்த குண்டுகள் என்றால் கழற்றும்போதே எந்த முகம் வெளியே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக வைத்துவிட்டு நாள் முழுக்கக் கோனைத் திருகினாலும் பாரம் போகாது. தூசு மூடியை நெளிக்காமல் அடியுங்கள், நெளிந்தால் அது கோனில் உரசும்.

இந்தக் குண்டுகளுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே 1869இல் சைக்கிளுக்குக் குண்டுகள் வைத்த அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவென் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது அந்த அச்சுப் பூட்டிய வண்டியில்தான் என்று சைக்கிள் வரலாறு சொல்கிறது. ஆனால் எல்லாக் குண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் பயன். அதைக் கையால் செய்து மாளாது. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃப்ரிட்ரிஷ் ஃபிஷர் 1883இல் குண்டுகளை ஒரே அளவாகத் தேய்க்கும் இயந்திரத்தை அமைத்தார். அதன் பிறகே ஏழை எளியவர் வாங்கக்கூடிய சைக்கிளிலும் குண்டுகள் ஏறின. 1921இல் ஜப்பானின் சக்காய் நகரில் சிமானோ நிறுவனம் தொடங்கியபோது அவர்கள் செய்த முதல் பொருள் ஒரு பிறீவீல். இவ்வளவு பேரின் மூளையும் உழைப்பும் நம் வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்த வண்டிக்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் இந்தப் பக்கத்தில் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். ஆயிரமாயிரம் பெண்கள் வண்டி ஏறினார்கள், வேலைக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பாராமல் போனார்கள். நம் கரையில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது புதிதல்ல. ஆனால் ஒரு நட்டு தளர்ந்தால் வாப்பாவோ அப்பாவோ அண்ணனோ வரும்வரை வண்டி நிற்கிறது. ஓட்டுகிற கால் யாருடையதோ, அவருடைய கைக்குச் சாவி பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலைகளில் ஒரு சனிக்கிழமைக் காலையை இதற்கு ஒதுக்கலாம். பக்கத்து ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை அழைத்து, பழைய சில்லு ஒன்றை மேசையில் வைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவரும் அச்சைத் திருப்பிப் பார்த்தாலே போதும். இறுகிய ஹப்பையும் நல்ல ஹப்பையும் ஒருமுறை விரலால் அறிந்த பிள்ளை மறக்க மாட்டாள். நடத்த விரும்பும் அதிபர்கள் எங்களுக்கு எழுதுங்கள். நம் வாசகர்களில் சைக்கிள் திருத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களோடு உங்களைச் சேர்த்துவிடுகிறோம்.

பனங்காட்டுச் சைக்கிளுக்கு லொக்நட்டு இறுக்கியாயிற்று. அச்சு நல்லது, வலக் கோனில் மட்டும் குழி விழுந்திருந்தது, அதை மாற்றினார்கள். பெடலைச் சுற்றும்போது நடு அச்சில் லேசாக ஒரு சத்தம் வருகிறதாம். அது ஹப்பில் இல்லை, பெடல் பூட்டிய பக்கத்தில். அதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் வண்டிகளையும் ஸ்ராண்டில் ஏற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே என்ன உரசியது, எதைத் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்